ருசி பார்த்தால் சாப்பிட்டதாகுமா?

வைகாசி 4, திங்கள்

அரிசிக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி இத்தனை நாள் மிளகாய் வற்றல் டப்பாவுக்கு மூடியாகக் கிடந்தது. இன்றைக்கு அதைத் துடைத்து எடுத்திருக்கிறேன். மத்தியானம் அவர் மாத்திரை போட்டுத் தூங்கிவிடுகிறார். எனக்குப் பேசாமல் இருந்தால் தலை வலிக்கும். அதனால் இதனிடம் பேசுகிறேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். தவசுப்பிள்ளை, கல்யாணச் சமையல்காரர். பாளையங்கோட்டையில் கல்யாணம் பேசி முடித்த கையோடு, மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் இவரை வந்து பார்த்த வீடுகள் உண்டு. பங்குனியில் ஒரு கல்யாணத்தில் பாயசத்துக்குப் பாகு காய்ச்சும்போது இடது கால் பெருவிரலில் ஒரு சொட்டு தெறித்திருக்கிறது. சர்க்கரைக்காரருக்குக் கால் மரத்துப்போகும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் கால் கழுவும்போது நான் பார்த்துவிட்டு இதென்ன புண் என்று கேட்டேன். எங்க, எங்க என்று அவரே குனிந்து தேடினார்.

இன்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆனி பிறக்கும்போது சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், எடுப்பது ஒரு விரலோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. ஊசி, மாத்திரை நேரம் தவறக்கூடாது. சோற்றுக்கு முன்னால் ஒரு தட்டு நிறையப் பச்சைக்காய், அதற்குப் பிறகு ஒரு கைப்பிடி சோறு, இனிப்பு கண்ணிலும் படக்கூடாது. இவர் வெளியே வந்து ஆட்டோவில் ஏறினார். பிறகு, கொதிக்கிற அண்டா முன்னால் நொண்டிக்கொண்டு நிற்கிறவனை எவன் கூப்பிடுவான் என்று மட்டும் கேட்டார்.

வருமானம் என்று பார்த்தால் தளவாய் கொண்டுவந்து தருவதுதான். தளவாய் இவரிடம் ரொம்ப வருஷமாகக் கையாள். நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. இவர் படுத்ததிலிருந்து இவர் பெயரில் வேலை எடுத்து அவன்தான் நடத்துகிறான். அவன் தருவதில் மருந்து போக மிஞ்சுவதில் தினமும் காய் வாங்க வேண்டும்.

முதல் தட்டு: வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம். தட்டைப் பார்த்துவிட்டு, “மாட்டுக்கு வைக்கிறத எனக்கு வைக்க” என்றார். “மாடு ஒங்களவிட நல்லா நடக்கு” என்றேன். சாப்பிட்டுவிட்டார்.

வைகாசி 5, செவ்வாய்

காலையிலேயே நறுக்கி, உப்புப் போட்டு மூடிவைத்தேன். மத்தியானம் திறந்தால் குளம். வெள்ளரிக்காய் அதில் நீந்திக்கொண்டிருந்தது. கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்து, உப்பை வாயில் வைக்கும் நேரத்தில்தான் போட வேண்டும், வெங்காயத்தைக் கொஞ்சம் நீரில் அலசிவிட்டால் காரம் போகும், தக்காளியின் விதைப்பகுதியை ரசத்துக்கு எடுத்துக்கொள் என்று வரிசையாகச் சொன்னார். தின்ன மாட்டேன் என்கிறவருக்கு எதற்கு இவ்வளவு யோசனை என்று கேட்டேன். தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லையாம்.

வைகாசி 6, புதன்

முட்டைக்கோஸ். மாங்காய்த் துருவல். எலுமிச்சம்பழம் விற்கிற விலைக்கு அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு மரத்திலிருந்து காற்றுக்கு விழுந்த மாங்காய் அந்த வேலையைச் செய்துவிட்டது.

வைகாசி 8, வெள்ளி

முகூர்த்த நாள். தளவாய் காலை ஒன்பது மணிக்குப் போன் பண்ணி இவரிடம் ஏதோ கேட்டான். அதன் பிறகு இவர் என்னிடம், “ஏளா, சந்தைக்குக் காலம்பறப் போகாத. பதினோரு மணி வாக்குல போ. கட்டுற நேரத்துல கூறு போட்டுக் குடுப்பான்” என்றார். காய் வாங்குகிற சிக்கனத்தை எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சரி, படுத்திருந்தாலும் வீட்டு நினைப்பு இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் சொன்னது சரி. உழவர் சந்தையில் கடைசி நேரத்துக்குக் கூறு கட்டிவிடுகிறார்கள். கோணல் கேரட், வெடித்த தக்காளி, கையளவு முள்ளங்கி எல்லாம் சேர்த்து ஒரு பை. நறுக்கிவிட்டால் கோணல் எங்கே தெரியப்போகிறது.

திரும்பி வந்தபோது தளவாய் வந்துவிட்டுப் போயிருந்தான். போன வாரக் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் கட்டியிருந்த குலைவாழையை வெட்டி, தண்டை உரித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். எவ்வளவு பாசம் பாருங்கள். கல்யாண நாளில் அடுப்பை விட்டுவிட்டு அண்ணாச்சிக்காகத் தண்டு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

வைகாசி 9, சனி

வாழைத்தண்டு. வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்து, மோரில் போட்டுவைத்தேன். ஊறவைத்த பாசிப்பருப்பு, பச்சைமிளகாய், கொத்தமல்லித் தண்டு. காசில்லாத தட்டு. இரண்டு பேரின் கல்யாண வாசலில் நின்ற வாழை இது என்று சொன்னேன். அப்ப ஆசீர்வாதமும் சேர்ந்து உள்ளே போகட்டும் என்று சிரித்தார். காலில் புண் வந்த பிறகு இவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

வைகாசி 11, திங்கள்

முகூர்த்தம். பதினோரு மணிக்குச் சந்தை. தளவாய் வந்து போனான். இன்றும் ஒரு தண்டு. நான் வருவதற்குள் சமையலறைத் தொட்டியில் நாலைந்து கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. இவர் நொண்டிக்கொண்டு எழுந்துபோய்க் கழுவினாராம். நான் போட்டுவிட்டுப் போன பாத்திரம் என்று நினைத்தேன். சத்தம் போட்டேன், எழுந்து நடக்காதீர்கள் என்று.

மத்தியானம் பாதித் தட்டுதான் சாப்பிட்டார். பசியில்லை என்றார். வெயில்.

வைகாசி 13, புதன்

கேரட் தலைகளைச் சீவி எறியப் போனவள் எறியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கல்யாணமான புதிதில் நாங்கள் டவுனில் ஒற்றை அறையில் இருந்தோம். அப்போது இவர் தவசுப்பிள்ளை இல்லை. காய் நறுக்குகிற இடத்தில் உட்காருகிற ஆள். அடுப்படிப் பெரியவர்களுக்கு லட்டும் முறுக்கும் பையில் போகும். நறுக்குகிறவர்களுக்கு நறுக்கியதில் மிஞ்சியது. கேரட் தலை, கோஸ் தண்டு, வெள்ளரிக்காயின் இரண்டு முனை, கொத்தமல்லிக் காம்பு எல்லாம் ஒரு துண்டில் முடிந்து கொண்டுவருவார். எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனவர் கொண்டுவருகிற பண்டமா இது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

இவர் தரையில் உட்கார்ந்து, கோஸ் தண்டின் தோலைச் சீவி, உள்ளே இருக்கிற வெள்ளைக் குருத்தை நகம் மாதிரி மெல்லிசாக அரிந்தார். கேரட் தலையைச் சுரண்டிப் பொடிசாக நறுக்கினார். தேங்காய்ச் சில்லு நாலு, மிளகு தட்டிப் போட்டு, உப்பு. எனக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டார். இனிப்பாக இருந்தது. கோஸ் தண்டில் அவ்வளவு இனிப்பு இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதன் பிறகு அது எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. துண்டை அவிழ்த்ததும் எந்த மாதிரிக் கல்யாணம் என்று நான் சொல்ல வேண்டும். கேரட்டும் பீன்ஸும் என்றால் காசுக்கார வீடு. தடியங்காய்த் தோலும் கத்தரிக்காய்க் காம்பும் என்றால் பெண் வீட்டுக்காரர் கடன் வாங்கியிருக்கிறார். நான் சொன்னதும் இவர் பெண் எப்படி, மாப்பிள்ளை எப்படி, யார் பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்தார் என்று கதை சொல்லுவார். அந்த ஒற்றை அறையில் சிரித்த மாதிரி நாங்கள் பிறகு சிரித்ததில்லை. அன்றைக்குக் கையில் காசில்லை, இன்றைக்கும் இல்லை. நடுவில் கொஞ்ச காலம் இருந்தது, அப்போது பச்சைக்காயை மாட்டுத் தீவனம் என்று சொல்லப் பழகிவிட்டார்.

வைகாசி 15, வெள்ளி

முகூர்த்தம். சந்தை. முளைகட்டின பயறு, பப்பாளிக்காய்த் துருவல். தளவாய். தண்டு.

வைகாசி 18, திங்கள்

ரத்தம் எடுத்தார்கள். ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை. புண்ணுக்குப் பக்கத்து விரலும் நிறம் மாறியிருக்கிறது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பாத மாதிரி பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கோபக்காரிதான், ஆனால் ஆஸ்பத்திரியில் என்ன செய்ய முடியும். மாங்காயில் சர்க்கரை இருக்குமோ, கேரட்டோ என்று கேட்டேன். அந்த அளவில் ஒன்றும் ஆகாது என்றார். ஊசி மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார்.

வீட்டுக்கு வந்து கேரட்டை நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு மாங்காயையும். ஏதாவது ஒன்றை நிறுத்த வேண்டும் போல இருந்தது.

வைகாசி 20, புதன்

சந்தையிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டேன். முள்ளங்கி.

வைகாசி 21, வியாழன்

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

சந்தையில் ஒரு முள்ளங்கி வாங்கிய பிறகுதான் பையை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினேன். வெளியே தளவாயின் வண்டி நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஸ்டூலில் வரிசையாகக் கிண்ணங்கள். சாம்பார், சொதி, அவியல், கேசரி, பாயசம் இரண்டு. தளவாய் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கட்டி நிற்கிறான். இவர் கரண்டியால் எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். பிறகு இன்னொரு கரண்டி. சொதிக்குத் தேங்காய்ப்பால் ஒரு கொதியில் இறக்கியிருக்க வேண்டும் என்றார். பாயசத்தை மூன்று தடவை எடுத்தார். தளவாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் உள்ளே போய்க் கிண்ணங்களைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். என் குணத்துக்கு அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த முகம். ஆறேழு வாரமாக நான் துடைத்துவிட்டு, மருந்து கட்டி, தட்டு நீட்டுகிற முகம் இல்லை அது. டவுனில் துண்டை அவிழ்த்துக் கதை சொன்னவரின் முகம். சத்தமில்லாமல் போய் தெருமுனைக் குழாயடியில் நின்றுகொண்டேன். தளவாய் வண்டி போன பிறகு, கையில் ஒற்றை முள்ளங்கியோடு வீட்டுக்குள் வந்தேன்.

சந்தைக்குப் பதினோரு மணிக்குப் போகச் சொன்னது ஏன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிந்திருக்க வேண்டும், முதல் வாரமே. வாழைத்தண்டைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

வைகாசி 22, வெள்ளி

கேட்டுவிட்டேன். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கேட்கலாம் என்றுதான் இருந்தேன், பொறுக்கவில்லை.

அவர் மறைக்கவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். திருடிச் சாப்பிட்டவர் மாதிரியே இல்லை. சாப்பிடவே இல்லை என்றார், சத்தியம் பண்ணுகிற குரலில்.

“ருசி பாத்தா சாப்பிட்டதாகுமா? நாப்பது வருசமா பாக்கேன். வேல முடிஞ்சு நான் இலையில உக்காந்து சாப்பிட்டத நீ பாத்திருக்கியா?”

உண்மை. கல்யாண வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பசிக்கிறது என்று பழைய சோறு கேட்பார். அன்று முழுவதும் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் அவரும் நினைப்பார், நானும் நினைப்பேன். அத்தனை அண்டாவிலும் கரண்டி கரண்டியாக உள்ளே போனதை நாங்கள் இரண்டு பேருமே ஒரு நாளும் சாப்பாடாக எண்ணியதில்லை. டாக்டரம்மா என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது இவர் பக்கத்தில் இருந்திருந்தாலும் பச்சைக்காய்தான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருப்பார்.

இது சாப்பாடுதான் என்றேன். கிண்ணம் கிண்ணமாகப் பாயசம் போகிறது, அதனால்தான் விரல் கறுக்கிறது என்றேன். அழுதேன், கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எம்பேரச் சொல்லித்தான ஆர்டர் எடுக்கான். நான் நாக்குல வைக்காம அது எஞ்சமையலாகுமா? அதையும் விட்டுட்டா நான் யாரு, பிரமு, இந்தக் கட்டில்ல?”

எனக்கு அவர் கால் வேண்டும். அவருக்கு அவர் வேண்டும்.

பதினோரு மணிக்குத் தளவாய் வந்தான். நான் சந்தைக்குப் போகாமல் வாசலில் நின்றேன். தூக்குவாளியை வண்டியிலேயே வைத்துவிட்டு, அண்ணாச்சி நல்லா இருக்காவளா என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிட்டான்.

வைகாசி 24, ஞாயிறு

மண்டபத்துக்குப் போய்த் தளவாயைப் பார்த்தேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

கொத்தமல்லிக் கட்டு மலிவு. வெள்ளரிக்காய், கடலை.

வைகாசி 27, புதன்

முகூர்த்தம். கல்யாணம் தூத்துக்குடியில், வர முடியாது என்று தளவாய் போனில் சொன்னான். இவர் போனிலேயே பருப்பு வேகும் பதம் கேட்டார். முழுத் தட்டும் சாப்பிட்டார். பசித்திருக்கிறது.

வைகாசி 29, வெள்ளி

தடியங்காய் துருவி, தயிர். தளவாய் போன் பண்ணவில்லை.

ஆனி 1, திங்கள்

இறங்கியிருக்கிறது! டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். பக்கத்து விரல் நிறம் திரும்பிவிட்டது. பெருவிரலில் சதை சிவப்பாக வருகிறது. இப்படியே போனால் வெட்ட வேண்டியதில்லை, ஆவணியில் மெதுவாக நிற்கலாம், நடக்கலாம் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கினேன். இன்றைக்கு வாங்காமல் என்றைக்கு வாங்குவது.

இவர் சந்தோஷப்பட்டார். படவில்லை என்று சொல்ல முடியாது. தளவாய்க்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தார். அவன் எடுக்கவில்லை.

ஆனி 5, வெள்ளி

இன்று பெரிய கல்யாணம். மூன்று தலைமுறையாக இவரிடமே சமையல் கொடுக்கிற வீடு. எங்களுக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். மண்டபம் நாலு தெரு தள்ளி. காலையிலேயே இவர் முகம் கழுவி, சட்டை மாற்றி உட்கார்ந்துவிட்டார். நான் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. மேளச் சத்தம் வீட்டுக்கே கேட்டது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குப் பந்தி போட்டிருப்பார்கள். அதன் பிறகு அவர் வாசலைப் பார்க்கவில்லை.

“தளவாய் பயந்தவன். எங்கிட்ட கேக்காம ஒலையில அரிசி போடமாட்டான். அவனா வராம இருக்கமாட்டான்” என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். ஆமாம், நான்தான் வரவேண்டாம் என்று சொன்னேன், காலில் விழாத குறையாகச் சொன்னேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“சேலைய மாத்து. மூணாம் பந்திக்குப் போயி உக்காரு. எல்லாத்தையும் சாப்பிட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு.”

போனேன். தளவாய் என்னைப் பார்த்ததும் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, அவனே வாளியை வாங்கி எனக்குப் பரிமாறினான். “மயினி, அண்ணாச்சி என்ன சொன்னாவ?” என்று கேட்டான். சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார் என்றேன். அவன் கண் நிறைந்துவிட்டது. அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

நான் அவ்வளவு கவனமாக எந்தச் சாப்பாட்டையும் சாப்பிட்டதில்லை. சொதியில் குறை தேடினேன். அவியலில் தேடினேன். பாயசத்தில் ஏதாவது இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே குடித்தேன். பக்கத்து இலையில் இருந்தவர், ஆவுடையப்பன் கைப்பக்குவம் ஆவுடையப்பன் கைப்பக்குவம்தான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தேன். கோஸ் தட்டு அப்படியே இருந்தது. எனக்காகக் காத்திருந்திருக்கிறார். வழியெல்லாம் ஒரு பொய் யோசித்துவைத்திருந்தேன். இஞ்சி தூக்கல், பாயசத்தில் ஏலக்காய் காணாது என்று. அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டார்.

“தெரியல்ல” என்றேன். “நீங்க செஞ்ச மாதிரியே இருந்திச்சு.”

சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு, “பயலுக்கு வந்துட்டு” என்றார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது இதுதான்.

அடுத்த முகூர்த்தத்திலிருந்து தளவாய் தன் பெயரிலேயே வேலை எடுக்கட்டும், நானே சொல்கிறேன் என்றார். ஆவணியில் எழுந்து நின்றாலும் அவன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாராம், அவன் கூப்பிட்டால்.

பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உப்பைக் கேட்டார். நான் நறுக்கியது தடிமனாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். தட்டு காலியானதும் என் பக்கம் நீட்டி, “இன்னுங் கொஞ்சம் வை” என்றார்.

ஒரு மாதமாக இந்த வார்த்தை ஒரு தடவையாவது அவர் வாயிலிருந்து வராதா என்று இருந்தேன். இன்று வந்தது, அவர் கரண்டியை விட்ட நாளில். கோஸ் இருந்த பாத்திரத்தைத் தேடுகிற மாதிரி அடுக்களைக்குள் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வைத்தேன்.